மூன்றாவது குழி

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். வண்டிக்குக் காற்றடிக்க நின்ற பெட்ரோல் பங்கில்தான் இந்தக் கதை கிடைத்தது. மூலையில் சிமெண்டுத் தரையை உடைத்துவிட்டு ஒரு பெண் குனிந்து நின்றாள். கையில் ஒரு பிளாஸ்டிக் பை, அதற்குள் ஒரு பிடி மண். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல் என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டேன். "தண்ணி எந்தப் பக்கம் போகுதுன்னு பாக்குறேன்," என்றாள், அலுப்பாக. கழுகுக்கு மூக்கு வேர்த்த மாதிரி எனக்கு வேர்த்துவிட்டது. அன்றே எழுத உட்கார்ந்தேன். அதற்குப் பிறகு எத்தனை தடவை உட்கார்ந்தேன் என்று மட்டும் கேட்காதீர்கள்.

2

முதல் தொடக்கம்: "பூமிக்கு அடியில் ஒரு கறுப்பு நதி—"

வேண்டாம். பெட்ரோல் கறுப்பும் இல்லை, இது நதியும் இல்லை.

இரண்டாவது: "அவளுடைய அக்கா வீடு அந்தப் பங்குக்குப் பின்னால்தான் இருந்தது." இது எனக்குப் பிடித்திருந்தது. பாசம், கடமை, கண்ணீர் எல்லாம் கையோடு வந்துவிடும். ஆனால் சொந்த அக்கா குடியிருக்கும் பங்கைச் சோதிக்க அவளையே அனுப்பும் அலுவலகம் எங்கே இருக்கிறது என்று நீங்கள் கேட்பீர்கள். அக்காவை அடித்துவிட்டேன். (அடித்த இடத்தில் வீடு மட்டும் நின்றுவிட்டது. அதை இடிக்க மனம் வரவில்லை.)

3

ஆக, நடந்தது இது. (நடந்தது என்றால், நான் நடத்தியது.)

பங்கின் தரைக்கடியில் இருந்த பழைய தொட்டியில் ஓட்டை. எவ்வளவு காலமாகக் கசிந்ததென்று யாருக்கும் தெரியாது. பங்குக்காரரும் அவர் மனைவியும் பின்னாலேயே குடியிருந்தார்கள். முற்றத்தில் ஆழ்துளைக் கிணறு. குடிக்க, சமைக்க அதுதான். மண்ணையும் தண்ணீரையும் சோதிக்க வந்த ஆய்வாளர் இரண்டு குழி போட்டுவிட்டாள். தொட்டியை ஒட்டிய முதல் குழியில் பெட்ரோல் குப்பென்று முகத்தில் அடித்தது. சாலைப் பக்கத்துக் குழியில் வாசனை இருந்தும் இல்லாமலும் இருந்தது.

"அதான் ரோட்டுப் பக்கம் போகுதுன்னு தெரியுதே மேடம். ரெண்டு குழி போதாதா?" என்றார் பங்குக்காரர்.

"ரெண்டை வச்சு ஒரு கோடுதாங்க போடலாம். தண்ணி எந்தப் பக்கம் சரியுதுன்னு சொல்லணும்னா மூணாவது வேணும். உங்க வீட்டு முற்றத்துல."

"பங்கை மூடிட்டீங்க, சரி. வீட்டையும் மூடச் சொன்னா நாங்க எங்க போறது?"

போகிற இடத்திலெல்லாம் அவளுக்கு இதே கேள்விதான். கண்டுபிடித்தால் பாவி, கண்டுபிடிக்காவிட்டால் தண்டச்சம்பளம். குழி ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

4

இங்கே எனக்கு ஒரு சபலம். தண்ணீரைச் சாலைப் பக்கம் திருப்பிவிட எனக்கு என்ன கஷ்டம்? ஒரு வாக்கியம் போதும். "நிலத்தடி நீர் வீட்டைத் தொடாமல், நல்லவேளையாக—"

எழுதிப் பார்த்தேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. குழி போடாமல் சொன்ன எதையும் அவள் நம்புகிறவள் இல்லை. அப்படித்தான் அவளை நான் எழுதித் தொலைத்திருக்கிறேன்.

5

பங்குக்காரரின் மனைவி ஒரு டம்ளர் தண்ணீரை நீட்டினாள்.

"குடிங்க மேடம். காலையிலேர்ந்து வெயில்ல காயுறீங்க. எங்க போர் தண்ணிதான். ஒரு வாசனையும் கிடையாது."

ஆய்வாளர் வாங்கி முகர்ந்தாள். ஒன்றும் தெரியவில்லை.

"எனக்கும் வரலைங்க. ஆனா நாள் பூரா பெட்ரோல்ல நின்னா மூக்கு செத்துடும். இப்போ என் மூக்கை நம்ப முடியாது."

"நாங்க நல்லாத்தானே இருக்கோம்? எங்க பொண்ணு ஒருத்திதான், ஹாஸ்டல்லேர்ந்து வந்தா பாட்டில் தண்ணிதான் வேணும்பா. நாலு எழுத்துப் படிச்சதும் வீட்டுத் தண்ணி நாறுதாம் மகாராணிக்கு. இங்கேயே கெடந்தப்ப இனிச்சுது, இப்ப வெளியில போய்ட்டு வந்து—"

(இந்த வாக்கியத்தை நான் கைவிடவில்லை. அவளே கைவிட்டாள்.)

ஆய்வாளர் டம்ளரை உதட்டில் வைக்காமல் தரையில் வைத்தாள். மனைவி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"திமிருன்னு திட்டினேனே அவளை," என்றாள். "ஒவ்வொரு லீவுக்கும் திட்டினேனே."

பிறகு போய் முற்றத்துக் கொடியில் காய்ந்த துணிகளை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு, வெறும் தரையைக் காலால் காட்டினாள்.

"இங்க போடு, தங்கச்சி."

பங்குக்காரர் வாயைத் திறந்தார். "நீங்க சும்மா இருங்க," என்றாள்.

(அடித்துவிட்ட அக்கா எப்படித் திரும்பி வந்தாள் என்று எனக்குத் தெரியாது. நான் கூப்பிடவில்லை.)

6

மூன்றாவது குழி போட்டாயிற்று. முடிவுகள் இரண்டு எழுதி வைத்திருக்கிறேன். ஒன்றில் முற்றத்துத் தண்ணீர் சுத்தம், மகளுக்குத் திமிர்தான். இன்னொன்றில் மகள் சொன்னது சரி. இத்தனை வருஷம் குடித்தது குடித்ததுதான். திரும்பத் திரும்பப் படிக்கிறேன், எதில் பொய் நாறுகிறது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. வெகுநாளாக இதற்குள்ளேயே கிடக்கிறேன். என் மூக்கும் செத்துப்போயிற்று.

நீங்கள் இப்போதுதான் வெளியிலிருந்து வந்தீர்கள். டம்ளர் இன்னும் தரையில்தான் இருக்கிறது. அக்கா உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். எடுத்து முகர்ந்து பாருங்கள். அவளிடம் நீங்களே சொல்லுங்கள்.