நாற்காலிக்கு மட்டும் கேட்கும் ஸ்பீக்கர்

டிவி மெக்கானிக்குக்கு மத்தளம் மாதிரி இரண்டு பக்கமும் இடி. அப்பாவுக்குக் காது மந்தம். காது மெஷின் வைத்தால் தலை சுற்றுகிறதென்று கழற்றிப் போட்டுவிட்டார். அவர் டிவி பார்த்தால் தெருக்கோடிவரை செய்தி கேட்கும். மனைவிக்கோ வீட்டிலிருந்தே போனில் வாடிக்கையாளர் புகார் கேட்கிற வேலை.

"பின்னால இவ்வளவு சத்தமான்னு மேடம் ரெண்டு தடவை திட்டிட்டாங்க. இன்னொரு தடவைன்னா வேலை போயிடும். மாமாவை உங்க தங்கச்சி வீட்டுல விட்டுடுங்க," என்றாள்.

அதற்கு அப்பாவைக் கொன்றே போடலாம். மாப்பிள்ளை வாசலை மிதிக்க மாட்டேன் என்று சபதம் போட்ட மனிதர் அவர்.

அதனால்தான் மெக்கானிக் இந்த மீயொலி ஸ்பீக்கரில் இறங்கினான். டார்ச் வெளிச்சம் மாதிரி ஒலி நேராகப் போகும். விழுகிற இடத்தில் இருப்பவருக்குத்தான் கேட்கும். பொத்தான் அளவு குட்டி ஸ்பீக்கர்கள் நூறை ஒரு பலகையில் பற்றவைத்தான். இரண்டு வரிசைக்குப் பிளஸ், மைனஸ் கால் மாறிப்போய், ஒன்றின் ஒலியை இன்னொன்று தின்றுவிட்டது. எல்லாவற்றையும் பிடுங்கி மறுபடி வைத்தான். மூன்று வாரம் தலையால் தண்ணீர் குடித்தான்.

மனைவியின் விடுமுறை நாளில் பலகையைக் கூடத்தில் மாட்டி, அப்பாவின் நாற்காலிக்கு நேராகத் திருப்பினான். சோதித்துப் பார்க்க, பக்கத்து அறை மேஜையில் உட்கார்ந்து, பலகைக்குப் போகும் வயரில் மைக்கைச் சொருகினான்.

"அப்பா, கேக்குதா?"

கூடத்தில் அப்பா சட்டென்று நிமிர்ந்து, சிரித்துக்கொண்டே கையைத் தூக்கினார். அவன் பக்கத்தில் நின்ற மனைவிக்கு ஸ்பீக்கரிலிருந்து ஒன்றுமே கேட்கவில்லை.

ஜெயித்தவன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தானா?

"முதுகு ஒடிஞ்சுபோச்சு. எல்லாம் அந்த மனுஷனோட பிடிவாதத்துக்கு."

"மெதுவா பேசுங்க."

"இடி விழுந்தாலும் அவருக்குக் கேக்காது. உண்மையைச் சொல்லட்டுமா? நாலு பேர் என்ன சொல்லுவாங்களோன்னுதான் வச்சிருக்கேன். போய்ச் சேர்ந்தார்னா ரெண்டு நாள் அழுதுட்டு நிம்மதியா இருக்கலாம்."

பேசியது பாதி களைப்புதான். காது கேளாதவர் வீட்டில் குரலைத் தாழ்த்துகிற பழக்கமும் யாருக்கும் இருப்பதில்லை. ஆனால் நுணலும் தன் வாயால் கெடும்.

மனைவிதான் மைக்கைக் காட்டினாள். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவன் அதைப் பிடுங்கி எறிந்துவிட்டுக் கூடத்துக்கு ஓடினான்.

அப்பா கையை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

"நல்லா செஞ்சிருக்கேப்பா. ஒரு வார்த்தை விடாம கேட்டுச்சு."

"அப்பா... ஏதோ அலுப்புல..."

அப்பா காதருகே கையைக் குவித்தார். "என்னப்பா? கேக்கலையே."

அதைக் கத்திச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

"சரி விடு," என்றார் அப்பா. "உன் தங்கச்சிக்கு ஒரு போன் போட்டுக் குடு. மாப்பிள்ளைகிட்டயும் நானே பேசிக்கறேன்."