கொக்கி இல்லாத சொகுசு

திராம்மன் நகரத்துக் கார் ஷோரூமில் சுன்னிவா விற்பனைத் தலைவி. ஜெர்மனித் தலைமையகத்திலிருந்து விலை நிர்ணயிக்க வந்திறங்கிய எக்கார்ட் என்ற மேதாவியை அவளுக்கு முதல் நாளே பிடிக்காமல் போயிற்று. புது மின்கார் இன்று விற்பனைக்கு வருகிறது. விற்காவிட்டால் அவள் வேலை போய்விடும் என்று காபியை உறிஞ்சியபடியே சொல்லியிருந்தான்.

விலை ஐந்து லட்சம் குரோனரைத் தாண்டினால் வரி விழும். அதற்குள் அடக்க அவன் காரை உரித்தே எடுத்துவிட்டான். காருக்குப் பின்னால் டிரெய்லர் வண்டியை இழுக்கும் கொக்கியைக் கழற்றி, கலர் விளக்கோடும் தோல் இருக்கையோடும் சேர்த்து 'உல்லாசத் தொகுப்பு' என்று தனி விலை போட்டான். பிற்பாடு கொக்கியை மட்டும் மாட்டிக்கொள்ளவும் வழியில்லை.

"கொக்கி இல்லாம இங்க ஒருத்தரும் வாங்க மாட்டாங்க" என்று சுன்னிவா தலைபாடாக அடித்துக்கொண்டாள்.

"சொகுசு கார் வாங்குறவன் குப்பை வண்டி இழுப்பானா?" என்று சிரித்தான்.

கோடீஸ்வரனும் சனிக்கிழமையானால் கிழிந்த பேண்ட்டோடு டிரெய்லரில் விறகையும் பழைய சோபாவையும் இழுத்துக்கொண்டு போகும் ஊர் இது. அட்டவணையைப் பார்த்துப் பார்த்தே மூளை காய்ந்தவனுக்கு அது எங்கே தெரியப்போகிறது?

கதவு திறந்ததும் கூட்டம் வந்தது. வந்தவர்கள் எல்லாரும் நேரே காரின் பின்பக்கம் போய், மண்டியிட்டு அடியில் எட்டிப் பார்த்தார்கள்.

"பாத்தியா, கும்பிடுறாங்க!" என்று பூரித்தான் எக்கார்ட். சுன்னிவாவுக்கு அவனைப் பார்க்கவே கூசியது.

பல் மருத்துவர் ஹால்வார்ட் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார். "ஏம்மா, கொக்கி எங்க?"

"தொகுப்புல இருக்கு டாக்டர். கலர் லைட்டும் சேர்த்துத்தான் வாங்கணும்."

"நான் மலை வீட்டுக்கு விறகு கொண்டுபோறவன்மா. உள்ள டான்ஸா ஆடப்போறேன்?"

எக்கார்ட் ஓடி வந்து கொக்கியில்லாத காருக்கே விலையைக் குறைத்தான். மறுபடியும் குறைத்தான். மீன் சந்தையில்கூட இவ்வளவு கேவலமாக யாரும் கெஞ்சமாட்டார்கள்.

"சும்மா குடுத்தாலும், என் படகை முதுகுலயா தூக்கிட்டுப் போறது?" என்று டாக்டர் நடையைக் கட்டினார்.

சாயங்காலம் வரை காபிதான் காலியானது. எக்கார்ட் அவளைக் கூப்பிட்டான். "இந்த ஊர்க்காரங்க கஞ்சப்பிசினாறிங்க. கொக்கி காரணமில்ல, விலைக்குப் பயந்துதான் வாங்கலன்னு தலைமையகத்துக்கு எழுதிக் கையெழுத்துப் போடு. உன் வேலை தப்பும்."

"உங்க முட்டாள்தனத்துக்கு எங்க ஆளுங்களக் கஞ்சன்னு எழுதணுமா? முடியாது."

"அப்போ நாளைக்கு வராத."

சுன்னிவா கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு, கண்ணாடிக்கு வெளியே எதிரிலிருந்த போட்டிக் கார் கடையைக் காட்டினாள். "இப்பவே அங்கதான் வேலை கேட்டுப் போறேன். உங்க காரைவிட அங்க விலை ஜாஸ்தி, ஆனா கொக்கி இருக்கு. டாக்டர் கையெழுத்துப் போட்டுக்கிட்டிருக்கார், நல்லாப் பாத்துக்கோங்க."