விருந்தாளிகள் வருவதற்கு முன்

"இடுப்புல ஒரு இஞ்ச் பிடிச்சுக் குடுங்கக்கா. நாளைக்கு விழாவோட கடைசி நாள், தொளதொளன்னு நிக்கக் கூடாதுன்னு மேடம் சொல்லிட்டாங்க."

சொல்லிவிட்டு அந்த நீல உடுப்பைத் தையல் மெஷின் மேல் போட்டுவிட்டுச் சின்னவள் சாப்பாட்டு மேசைக்குப் போனாள். பதில் பேசினால் வாயில் என்ன வருமோ என்று பெரியவளுக்கே பயமாக இருந்தது. மெஷினில் ஒரு பள்ளிக்கூடச் சட்டையின் காலர் பாதியில் நின்றது. அடுப்பில் குழம்பு கொதித்தது. இரண்டையும் பார்க்க அவள் ஒருத்திதான் இருந்தாள்.

மேசையில் மாமனார், மாமியார், அவர்களுடைய இரண்டு மகன்கள். அந்த வீட்டில் மருமகள்கள் மேசையில் உட்கார்ந்து சாப்பிடும் வழக்கம் கிடையாது. எல்லாரும் எழுந்த பிறகு அடுப்படியில் மிச்சம் இருப்பதை வழித்துப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். பத்து நாளாகத்தான் சின்னவளுக்கு மட்டும் அங்கே ஒரு நாற்காலி.

"இன்னைக்கு என்னம்மா போட்டாங்க?" என்று மாமியார் கதை கேட்கிறவளைப் போல ஆவலாகக் கேட்டாள்.

"சூப்பே மூணு வகை அத்தை. அப்புறம் மீன், முழுசா, தட்டு நீளத்துக்கு. கேக்கு மட்டும் ஒன்பது தினுசு. பழத்தையெல்லாம் பூவாட்டம் வெட்டி வச்சிருந்தாங்க, கை வைக்கவே மனசு வரலை."

"வச்சியா இல்லையா?" என்றார் மாமனார்.

"வைக்காம விடுவேனா மாமா?" சின்னவள் சிரித்தாள். எல்லாரும் சிரித்தார்கள். மாமியார் அவள் தட்டில் சோறு வைக்கப் போனபோது, "எனக்கு வேண்டாம் அத்தை, கழுத்து வரைக்கும் இருக்கு. ஒரு டம்ளர் பால் போதும்," என்று தட்டை நகர்த்தினாள்.

"பெரியவ, இவளுக்குப் பாலைச் சூடு பண்ணிக் கொண்டா."

பெரியவள் பால் பாத்திரத்தை அடுப்பில் ணங்கென்று வைத்தாள். கழுத்து வரைக்கும் தின்றவளுக்கு இடுப்பில் ஒரு இஞ்ச் குறைகிறதாம். இது என்ன நியாயம்? தனக்குப் பச்சைத் தண்ணீர் குடித்தாலும் உடம்பில் ஒட்டுகிறது. இவளோ மீனும் கேக்குமாக விழுங்கிவிட்டு நாளுக்கு நாள் கொடியாக இளைக்கிறாள். கடவுள் கூட முகத்தைப் பார்த்துத்தான் கொடுப்பான் போலிருக்கிறது.

இத்தனைக்கும் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் மனுப் போட்டார்கள். பல நாட்டு ஆட்டக்காரர்கள் வந்து கூடும் பெரிய விளையாட்டு விழா. தொண்டர்கள் வேண்டும் என்று விளம்பரம் வந்திருந்தது. சம்பளம் கிடையாது, சீருடை, அடையாள அட்டை, சான்றிதழ், இரண்டு வேளை உணவு. கடைசியாக இருந்த அந்தச் சொல்லைப் பெரியவள் மூன்று முறை படித்தாள். அவளுக்குச் சோற்றுக்குப் பஞ்சமில்லை. கல்யாணமாகிப் பதிமூன்று வருஷத்தில், தான் உட்கார்ந்திருக்க இன்னொருவர் பரிமாறி அவள் சாப்பிட்டதே இல்லை, அவ்வளவுதான். பிரசவத்துக்குப் போன ஆஸ்பத்திரியில் கூடத் தட்டைத் தானே எழுந்து போய் வாங்கிக்கொண்டாள். ஒரே ஒரு வேளை உட்கார்ந்த இடத்தில் சோறு வர வேண்டும் என்கிற ஆசையில்தான், தையல் வேலையைப் பதினொரு நாளும் ராத்திரிக்குத் தள்ளி வைத்து, மாமியாரிடம் கெஞ்சிக் கூத்தாடி அனுமதி வாங்கினாள்.

தேர்வு செய்கிறவர்கள் இரண்டு போட்டோவையும் பார்த்தார்கள். சின்னவள் மெடல் தட்டு ஏந்தும் எட்டுப் பெண்களில் ஒருத்தி ஆனாள். பெரியவளைப் பேருந்து நிறுத்துமிடத்துக்கு அனுப்பினார்கள்.

அங்கே நாள் முழுக்க வெயிலில் நின்று கையில் ஒரு பலகையோடு வண்டிகளைத் திருப்பிவிட வேண்டும். மதியச் சாப்பாடு மூன்றரை மணிக்கு வரும். முதலில் போலீஸ்காரர்களுக்கு, அப்புறம் டிரைவர்களுக்கு, அப்புறம் மைக் செட் ஆட்களுக்கு. அதற்கும் பிறகு பொட்டலம் மிஞ்சினால் தொண்டர்களுக்கு. ஆறிப்போன சோறு, ஒரு அவித்த முட்டை. இரண்டு நாள் அதுவும் இல்லாமல் வாழைப்பழம் மட்டும் வந்தது. "வாலண்டியர்தானே, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க," என்பார் பொட்டலக்காரர். சம்பளம் வாங்குகிறவன் சாப்பாடு வரவில்லை என்றால் வேலையைப் போட்டுவிட்டுப் போய்விடுவான், சும்மா வேலை செய்கிறவள் எங்கும் போக மாட்டாள் என்பது அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. நடைபாதை விளிம்பில் உட்கார்ந்து, தட்டு கூட இல்லாமல், பொட்டலத்தை மடியில் பிரித்து அவள் சாப்பிடுவாள். எதிரே விருந்து மண்டபத்தின் கண்ணாடி ஜன்னல்கள் மின்னும். உள்ளே சின்னவள் என்னத்தை மென்றுகொண்டிருக்கிறாளோ என்று நினைத்தாலே முட்டை தொண்டையில் நின்றுவிடும்.

அன்று ராத்திரி எல்லாரும் மேசையை விட்டு எழுந்த பிறகு பெரியவள் நீல உடுப்பைக் கையில் எடுத்தாள். ஒரு இஞ்சா கேட்டாய்? இந்தா, இரண்டு இஞ்ச். நாளைக்குக் கடைசி விருந்தில் ஒரு வாய் கூடுதலாகப் போனால் மூச்சு முட்டட்டும், முட்டி எல்லார் முன்னாலும் தையல் விட்டுப் போகட்டும். இருபது வருஷம் பழகிய கை, கோணல் மாணல் இல்லாமல் தைத்தது. தைத்து முடித்தபோது நெஞ்சில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றின மாதிரி இருந்தது அவளுக்கு.

மறுநாள் மதியம் ஒன்றரை மணி இருக்கும். நிறுத்துமிட மேற்பார்வையாளரின் வாக்கிடாக்கி கரகரத்தது. மெடல் பிரிவில் அவசரமாக ஒரு தையல்காரி வேண்டுமாம், தொண்டர்களில் யாருக்காவது தெரியுமா?

"எனக்குத் தெரியும்," என்று பெரியவள் பலகையைக் கீழே வைத்தாள். உள்ளுக்குள் ஒரு கொண்டாட்டம். தையல் விட்டிருக்கிறது. அப்படி என்னத்தைத்தான் தின்றிருப்பாள்?

மண்டபத்தின் வழியாகத்தான் போக வேண்டியிருந்தது. வெள்ளை விரிப்புப் போட்ட மேசைகள், மூடி வைத்த பாத்திரங்கள், ஆவி, வாசனை. ஆனால் ஒரு நாற்காலியிலும் ஆள் இல்லை. இறுதி ஆட்டம் முடியாமல் இழுத்துக்கொண்டிருந்தது. விருந்தாளிகள் அதைப் பார்த்துவிட்டுத்தான் வருவார்களாம். அவர்கள் சாப்பிட்ட பிறகுதான் மெடல் கொடுப்பதாம். பெரியவள் நடக்கிற போக்கில் ஒரு நாற்காலியின் முதுகைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

பின்னறையில் எட்டுப் பெண்கள் சுவரை ஒட்டி வரிசையாக நின்றிருந்தார்கள். உட்கார்ந்தால் உடுப்பு கசங்கும் என்று நாற்காலிகளை வெளியே எடுத்துப் போட்டிருந்தார்கள். கழுத்தில் இரண்டு அட்டை தொங்க, மெடல் மேடம் நடுவில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க, இந்தப் பொண்ணுதான். எத்தனை தடவை சொன்னாலும் பிடிச்சுட்டு வர மாட்டேங்குது. டிவியில அசிங்கமா இருக்கும்."

அந்தப் பெண் சின்னவள்தான். தையல் எங்கும் விடவில்லை. பெரியவள் இடுப்பில் விரலை விட்டுப் பார்த்தாள். நான்கு விரலும் தடையில்லாமல் உள்ளே போயின. இரண்டு இஞ்ச் பிடித்த பிறகும் தொளதொளத்தது. விலா எலும்பு துணிக்கு அடியில் சட்டம் சட்டமாகத் தட்டுப்பட்டது. எத்தனையோ உடம்புக்கு அளவெடுத்த கை அது. அதற்கு யாரும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"எப்ப சாப்பிட்டே?" என்று குனிந்து ஊசி கோத்தபடியே தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"காலையில டீ குடிச்சேன்கா."

"மீனு, கேக்குன்னியே. ஒன்பது தினுசு."

"பார்த்தேன்," என்றாள் சின்னவள். "எண்ணிப் பார்த்தேன். ஒன்பதுதான்." அவள் உதடு வெடித்திருந்தது. "தண்ணி கூட ரெண்டு மடக்குதான். பாத்ரூம் போனா உடுப்பு மாட்ட நேரமாகுதாம். எல்லாம் முடிஞ்சப்புறம் ஒரு பன்னு தருவாங்க. அதுவும் சில நாள் தீர்ந்துடும்."

"வீட்லயாவது தின்னு தொலைச்சிருக்கலாமில்ல? பால் போதும், பால் போதும்னு எதுக்குடி ஆடினே?"

சின்னவள் குரலைத் தாழ்த்தினாள். "முத நாள் சும்மா பெருமைக்குச் சொன்னேன்கா. அத்தை உடனே உக்காருன்னாங்க. ரெண்டு வருஷத்துல அன்னைக்குத்தான் என்னை உக்காரச் சொன்னாங்க. பசிக்குதுன்னு சொல்லியிருந்தா மறுபடி அடுப்படிதானே?" மூக்கை உறிஞ்சினாள். "உங்களைப் பார்த்தாத்தான் எனக்குப் பத்திக்கிட்டு வரும். அந்த மண்டபத்து ஜன்னல்ல இருந்து பார்ப்பேன். ஜம்முனு ரோட்டோரம் உக்காந்து பொட்டலத்தைப் பிரிப்பீங்க. முட்டையை முதல்ல திங்காம கடைசிக்கு எடுத்து வைப்பீங்க. எனக்கு அழுகையே வந்துடும்."

பத்து நாளாக அந்த முட்டையைப் பெரியவள் சபித்துக்கொண்டே தின்றிருக்கிறாள். அதையும் ஒருத்தி ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். இப்படி வயிறு காய்ந்தவளின் துணியிலா இரண்டு இஞ்ச் வன்மத்தை வைத்துத் தைத்தோம் என்று வெட்கம் பிடுங்கித் தின்றது. ஊசியைத் துணியிலேயே குத்திவிட்டு நிமிர்ந்தாள்.

"வா."

"எங்கக்கா?"

"சாப்பிட."

கையைப் பிடித்து மண்டபத்துக்கு இழுத்து வந்து முதல் மேசையில் உட்கார வைத்தாள். பக்கத்து நாற்காலியில் தானும் உட்கார்ந்தாள். நீல உடுப்பு மடிப்பு மடிப்பாகக் கசங்கியது. மெடல் மேடம் ஓடி வந்தாள்.

"என்ன பண்றீங்க? விருந்தாளிங்க இன்னும் வரலை. எழுந்திருங்க முதல்ல."

"பசிக்குது மேடம். சாப்பிட்டுட்டு எழுந்திருக்கிறோம்."

மேடத்துக்குக் கோபம் வந்தாலும் குரலில் தேனைத் தடவிக்கொண்டாள். "இங்க பாருங்கம்மா, உங்களை நான் வேத்தாளா நினைக்கலை. நீங்கெல்லாம் நம்ம வீட்டுப் பொண்ணுங்க. வந்தவங்களைக் கவனிச்சிட்டு அப்புறம்தானே வீட்டுப் பொண்ணுங்க சாப்பிடுறது? நம்ம வீட்லயெல்லாம் அப்படித்தானே?"

வார்த்தை மாறாமல் மாமியார் பேசுவது போலவே இருந்தது. பெரியவள் அவளை ஏறிட்டுப் பார்த்தாள்.

"எங்க வீட்லயும் அப்படித்தான் மேடம். அதனாலதான் இங்க வந்தேன்."

"சர்டிபிகேட் கிடைக்காது. ரெண்டு பேருக்கும்."

"வேண்டாம் மேடம். அதைத் தட்டுல போட்டுத் திங்க முடியாது."

பரிமாறுகிறவர் வெள்ளைக் கையுறையோடு ஓரமாக நின்றிருந்தார். மேடத்தைப் பார்த்தார், சின்னவளின் வெடித்த உதட்டைப் பார்த்தார். அப்புறம் ஒரு மூடியைத் திறந்தார். "முதல்ல சூப்பு தரட்டுமாம்மா? நேரா சோறா?" என்று கேட்டார்.

"நேரா சோறு," என்றாள் பெரியவள். தட்டு அவள் முன்னால் வந்து அமர்ந்தது. கண்ணில் தண்ணீர் முட்டியது. துடைக்கக் கை ஒழியவில்லை. பின்னறைக் கதவு மெதுவாகத் திறந்தது. ஒருத்தி எட்டிப் பார்த்தாள். அவள் வந்து உட்கார்ந்ததும் இன்னொருத்தி வந்தாள். ஐந்து நிமிஷத்தில் எட்டு நீல உடுப்பும் மேசையில் இருந்தன. கரண்டிச் சத்தம் மட்டும்தான் கேட்டது. அத்தனை பசிக்கு நடுவிலும், தன்னைவிடப் பெரிய மீன் துண்டு சின்னவள் தட்டில் விழுந்ததைப் பெரியவள் கவனிக்கத் தவறவில்லை.

அப்போதுதான் ஆட்டம் முடிந்து விருந்தாளிகள் வந்தார்கள். முன்னால் வந்த கோட்டுப் போட்ட பெரியவர் வாசலிலேயே நின்றுவிட்டார். அவருக்குப் பின்னால் இருபது முப்பது பேர்.

சின்னவள் வாயைத் துடைத்துக்கொண்டு பாதி எழுந்தாள். குரலில் கொஞ்சமும் நடுக்கமில்லை.

"வாங்க, வாங்க. அந்தப் பக்கம் கொஞ்சம் உக்காந்திருங்க. வீட்டு ஆளுங்க சாப்பிட்டுட்டு இருக்கோம். முடிஞ்சதும் உங்களுக்குப் போடச் சொல்றோம்."

கோட்டுக்காரர் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, சுவரோரம் கிடந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தார். மற்றவர்களும் ஒவ்வொருவராக அவரவருக்குக் கிடைத்த இடத்தில் உட்கார்ந்தார்கள்.

பெரியவளுக்கு மெல்லுவது நின்றுபோயிற்று. பதிமூன்று வருஷமாக ஒவ்வொரு வேளையும் அடுப்படியில் நின்று, மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்த வார்த்தை அது. நேற்று வந்தவள் அதையும் முந்திக்கொண்டு சொல்லிவிட்டாள். அவளால் பொறுக்க முடியவில்லை. பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு, அவசரமே இல்லாமல், இன்னொரு கரண்டி சோறு வைக்கச் சொன்னாள்.