கருவாடு எந்தப் பக்கம்

கரும்பலகையின் நடுவில் தெல்ஃபினா கோடு இழுத்துக்கொண்டிருந்தபோது தலைமையாசிரியர் வந்து அவளை வாசலுக்கு அழைத்துத் தன் கைபேசியை நீட்டினார். மறுமுனையில் அக்காள் கணவர் ஆர்சேனியோ, தக்லோபான் ஆஸ்பத்திரியிலிருந்து.

"லூர்தெஸ் போயிட்டா," என்றார். "புள்ளகிட்ட சொல்லிடாத. நான் வந்துட்டே இருக்கேன். நான்தான் சொல்லணும்."

தலைமையாசிரியர் வீட்டுக்குப் போகச் சொன்னார். அவள் மறுத்துவிட்டாள். பாடத்தின் நடுவே கிளம்பினால், இரண்டாம் வரிசையில் உட்கார்ந்திருக்கும் அக்காள் மகள் மயூமிக்கு அப்போதே தெரிந்துவிடும். அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்த நாளிலிருந்து பெரியவர்களின் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிற பிள்ளை அது.

பலகையில் இடப்பக்கம் உயிருள்ளவை, வலப்பக்கம் உயிரற்றவை என்று எழுதினாள். பிள்ளைகள் வீட்டிலிருந்து கொண்டுவந்தவற்றை ஒவ்வொன்றாக மேசையில் பிரித்து வைத்தார்கள். பப்பாளி நாற்று இடப்பக்கம் போனது. கூழாங்கல்லும் ஒற்றைச் செருப்பும் வலப்பக்கம். நத்தை தானாகவே ஊர்ந்து போய்க்கொண்டிருந்ததால் அதில் சண்டை வரவில்லை. பெனிக்னோ கொண்டுவந்த கருவாட்டில்தான் வந்தது.

கண் இருப்பதால் அது உயிருள்ளது என்றான் ஒருவன். பொம்மைக்கும்தான் கண் இருக்கிறது என்றாள் இன்னொருத்தி. பூனை தூக்கிக்கொண்டு ஓடியபோதுகூட அது அசையவில்லை என்று பெனிக்னோ சொன்னதும் வகுப்பே சிரித்தது.

மயூமி கையைத் தூக்கினாள்.

"கல்லு எப்பவுமே கல்லுதான். மீன் கடல்ல நீந்திட்டு இருந்துச்சுல்ல? அதப்போயி கல்லு பக்கத்துல வைக்காத, சித்தி."

பள்ளிக்கூடத்தில் டீச்சர் என்றுதான் கூப்பிட வேண்டும் என்பது இருவருக்குள்ளும் இருந்த ஏற்பாடு. பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். தெல்ஃபினா திருத்தவில்லை. கருவாட்டை எடுத்துப் பப்பாளி நாற்றின் அருகில் வைத்தாள்.

"அப்ப அது சாகலையா டீச்சர்?" என்றான் பெனிக்னோ.

சிரிப்பு அடங்கியது. எல்லாரும் அவளையே பார்த்தார்கள்.

"செத்துப்போச்சு," என்றாள். குரல் எப்போதும்போலத்தான் வந்தது. "ஆனா மயூமி சொல்றது சரி." எழுதுவதற்கென்று பலகைப் பக்கம் திரும்பியவள், எழுதி முடித்த பிறகும் திரும்பாமல் நின்றாள்.

இடைவேளையில் மயூமி துள்ளிக்கொண்டு வந்தாள். தான் சொன்னது சரியாகிவிட்டதை அம்மாவிடம் போனில் சொல்ல வேண்டுமாம். அப்பா வரட்டும் என்று மட்டும் சொல்லி, தெல்ஃபினா அவள் சட்டைப் பொத்தானைச் சரிசெய்தாள். அதற்குப் பிறகு சாலையில் ஜீப்னி வண்டியின் சத்தம் கேட்கும்போதெல்லாம் பாடம் பாதியில் நின்றது. ஆர்சேனியோ வரவில்லை.

கடைசி மணி அடித்தது. அன்று பெருக்குவது இரண்டாம் வரிசையின் முறை. மயூமி மூலையிலிருந்து துடைப்பத்தை எடுத்து இரண்டு வீச்சு பெருக்கியிருப்பாள். யோசிப்பதற்குள் தெல்ஃபினாவின் கை நீண்டு அதை வாங்கிவிட்டது.

சாவு விழுந்த வீட்டார் யாரும், எங்கே இருந்தாலும், அடக்கம் முடியும்வரை துடைப்பத்தைத் தொடுவதில்லை. போன வருஷம் தாத்தா இறந்தபோது மயூமியின் கையிலிருந்து துடைப்பத்தை இப்படித்தான் வாங்கினாள் லூர்தெஸ்.

மயூமி தன் வெறுங்கையைப் பார்த்தாள். பிறகு சித்தியின் முகத்தைப் பார்த்தாள். மற்றப் பிள்ளைகள் பெஞ்சுகளை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். மயூமியும் போய்த் தன் பெஞ்சைப் பிடித்து இழுத்தாள்.

ஆர்சேனியோ வாசலில் வந்து நின்றபோது அவர் தலை படிய வாரியிருந்தது. வழியில் எங்கோ முகம் கழுவியிருக்கிறார். கையில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன பெரிய பை. மகளின் முன்னால் குந்தினார்.

"மயூமி, அப்பா ஒண்ணு சொல்லணும்..."

"பை கனமா இருக்கா?" என்றாள் அவள்.

அவர் தலையசைத்தார்.

மயூமி பையின் ஒரு காதைப் பிடித்துக்கொண்டாள். அவர் எழுந்து மறு காதைப் பிடித்தார். பை நடுவில் தொங்க, அவள் பக்கம் மட்டும் தாழ்ந்திருக்க, இருவரும் மைதானத்தைக் கடந்து போனார்கள்.