மாலை போட்ட படம்

அந்தப் புத்தகத்தைக் கண்ட முதல் நாளே சிவமலருக்கு எரிச்சல். சுவிஸ் நாட்டுப் பேர்ணில் அவள் மகள் சுமித்ரா போகும் கிண்டர்கார்டனில் கெர்பர் டீச்சர் வாசித்துக் காட்டும் படப் புத்தகம் அது. பக்கத்துக்குப் பக்கம் மெக்சிக்கோ நாட்டுக் கைவேலைகள்: களிமண் கோழி, புள்ளி புள்ளியாகச் சாயம் தீட்டிய மரப் பல்லி, கத்தரித்த கடதாசித் தோரணம். மேலே ஸ்பானிய மொழியில் ஒரு வரி, கீழே ஜேர்மனில் ஒரு வரி. வகுப்பில் ஸ்பெயின்காரப் பிள்ளைகள் நாலு பேர் இருந்ததால் டீச்சர் அதைத் தேடிப் பிடித்திருந்தார். அன்றிலிருந்து ஆறு வயதுச் சுமித்ரா குளிக்கும்போதுகூட "உனோ, தோஸ், திரேஸ்" என்று எண்ணினாள். வீட்டில் தமிழைப் பிடித்து வைத்திருக்கவே பெரும்பாடு, இதில் மூன்றாவதாக ஒன்றா என்று தாய்க்காரி பொருமினாள். பொருமினாளே தவிர, பிள்ளை பத்தையும் எண்ணி முடிக்கும்வரை குழாயைப் பூட்டாமல் நின்றவளும் அவள்தான்.

1988 நவம்பர் முதல் வாரம் பெற்றோரை வகுப்புக்கு அழைத்திருந்தார்கள். ஆஸ்பத்திரிக் குசினியில் மத்தியானச் சமையல் வேலை முடிந்த கையோடு சிவமலர் டிராம் பிடித்துப் போனாள்.

வகுப்பின் மூலையில் ஒரு மேசை. அதில் கோதுமைப் பாண், பழம், மெழுகுதிரி, நடுவில் வரிசையாகப் படங்கள். யாரோ ஒரு தாத்தா, யாரோ ஒரு பூனை, அதற்குப் பக்கத்தில் இரவீந்திரன். சிவமலரின் தம்பி. வீட்டு அல்பத்தில் இருந்த அதே படம். அதைச் சுற்றி மஞ்சள் கடதாசிச் செவ்வந்தி மாலை.

படத்துக்கு மாலை போட்டால் என்ன அர்த்தம் என்று நம் ஆட்களுக்கு ஒருவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. போன வருஷம் யாழ்ப்பாணத்தில் கொழும்பு பஸ் ஏறிய இரவீந்திரன் போய்ச் சேரவுமில்லை, திரும்பவுமில்லை. அந்தியேட்டிக் கிரியையைச் செய்துவிடு என்று புத்தி சொல்ல வந்த உறவுக்காரனை வாசலோடு திருப்பி அனுப்பியவள் சிவமலர். இருக்கிறவனுக்கு ஆராவது அந்தியேட்டி செய்வார்களா?

படத்தைப் பறித்தெடுத்தாள்.

"ஆரடி உன்னை இதை எடுக்கச் சொன்னது?"

சுமித்ரா மிரண்டு டீச்சரின் பாவாடையைப் பிடித்தாள். டீச்சர் பதறிப்போய் எதையோ சொன்னார். சிவமலருக்கு ஜேர்மன் பாதிதான் விளங்கியது. மன்னிக்கச் சொல்கிறார் என்பது மட்டும் முகத்தில் தெரிந்தது.

"மெக்சிக்கோவில செத்த ஆக்கள் வீட்டுக்கு வாற நாளாம். அவையின்ர படம்தான் டீச்சர் கேட்டவ," என்றாள் பிள்ளை. "மாமா சாகேல்லை எண்டு எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சுகொண்டோ கொண்டு வந்தனி?"

சுமித்ரா புத்தகத்தைத் தூக்கிவந்து விரித்தாள். ஒரு வீடு. வாசலிலிருந்து மேசை வரை நிலமெல்லாம் செவ்வந்தி.

"இந்தப் பூவைப் பாத்துக்கொண்டு வீட்டுக்கு வருவினமாம் அம்மா. மாமாவுக்கு வழி தெரியேல்லை, அதுதான் பிந்துது எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்."

பிள்ளையின் வாயை அடைக்க என்றைக்கோ சொன்ன பொய். சொல்லச் சொல்ல அவளே அதை நம்பிவிட்டாள். பக்கத்திலிருந்த சின்னக் கதிரையில் பொத்தென்று இருந்து, ஸ்பெயின்காரத் தாய்மார் பார்க்கிறார்களே என்றும் நினைக்காமல் அழுதாள். அழுது ஓய்ந்ததும் மகளை இழுத்து மடியில் வைத்தாள்.

"பிள்ளை, மாமா இருக்கிறாரோ இல்லையோ, அம்மாவுக்குத் தெரியாது."

கணவன் குகநாதனிடம்கூட அவள் அதைச் சொன்னதில்லை.

சுமித்ரா யோசித்தாள். "அப்ப மாலையை என்ன செய்யிறது?"

சிவமலர் படத்திலிருந்து மாலையைக் கழற்றி நூலை அறுத்தாள். படத்தைக் கைப்பையில் வைத்தாள். பிறகு எழுந்துபோய், வகுப்புக் கதவடியில் முதல் பூவை வைத்தாள். ஒரு அடி தள்ளி இரண்டாவது. டீச்சர் குனிந்து, பாதையில் கிடந்த பிள்ளைகளின் சப்பாத்துகளை ஒவ்வொன்றாக ஒதுக்கினார்.

மேசைக்குப் பாதி வழியிலேயே பூ முடிந்துவிட்டது.

"இவ்வளவு பூ காணாது," என்றாள் சுமித்ரா.

"இன்னும் செய்வம்," என்று சிவமலர் கத்தரிக்கோலை எடுத்தாள்.