கஸ்பார் மூழ்காத ஏழு வருஷம்

1970 மார்ச் இரண்டாவது வெள்ளிக்கிழமை தொடங்கி ஏழு வருஷம் ஐந்து மாதம், தூத்துக்குடியில் சங்கு குளித்துக்கொண்டிருந்த கஸ்பார் கடலில் மூழ்கவில்லை. முயலாமல் இல்லை. அன்று காலை வழக்கம்போல் காலில் கல்லை மாட்டி, இடுப்பில் கயிற்றைக் கட்டி, எட்டுப் பாகம் ஆழமுள்ள இடத்தில் குதித்தான். கல் போனது. கஸ்பார் போகவில்லை. நெஞ்சுவரை நனைந்து, தேங்காய் நெற்றுபோல மேலேயே நின்றான். இரண்டு கல் கட்டிப் பார்த்தார்கள். மூன்று கல் கட்டியபோது கயிறு அறுந்தது. கடைசியில் மூன்று பேர் தோளில் ஏறி அமுக்கினார்கள். அமுக்கிய மூவரும் முழுகி எழுந்து தண்ணீரைக் கக்கினார்கள். கஸ்பாரின் தலைமயிர் காய்ந்தே இருந்தது. கிணற்றில் இறக்கியும் பார்த்தார்கள். அங்கேயும் காலிக் குடம்போல மிதந்தான். டாக்டர் வயிற்றைத் தட்டிப் பார்த்துவிட்டு வாயு என்றார். பெருங்காயம் எழுதிக் கொடுத்தார்.

இதற்கு எட்டு நாள் முன்னால்தான் கஸ்பாரின் தங்கை ரோஸின் புருஷன் லெயோன் கடலில் செத்துப்போயிருந்தான். இந்தக் கரையில் ஒரு ஏற்பாடு உண்டு. கடலுக்குள் இறங்குகிறவனுக்கு மேலே வத்தை என்கிற சிறு படகில் இருந்து கயிறு பிடிக்கிறவன், அவன் பெண்டாட்டியின் உடன்பிறந்தவனாக இருக்க வேண்டும். தங்கை தாலியறுப்பதை எந்த அண்ணனும் விரும்ப மாட்டான் என்று யோசித்துச் செய்த ஏற்பாடு. கீழே மூச்சு முடிந்ததும் குளிக்கிறவன் கயிற்றை ஒரு இழுப்பு இழுப்பான். மேலே இருக்கிறவன் உடனே வாரித் தூக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. முத்துக் குளித்த காலத்திலிருந்து அப்படித்தான் நடந்தது. முத்துக்குளிப்பு அறுபத்தொன்றோடு நின்று, வெறும் சங்கு மட்டும் மிஞ்சிய பிறகும் அப்படியே நடந்தது. ஏற்பாட்டைச் செய்த பெரியவர்களுக்கு டிரான்சிஸ்டர் தெரியாது.

கஸ்பாரிடம் டிரான்சிஸ்டர் இருந்தது. பாட்டு கேட்டு இலங்கை வானொலிக்குக் கார்டு போட்டிருந்தான். நேயர்களின் பெயர்களை வாசித்துக்கொண்டிருந்த நேரத்தில் லெயோன் கீழே இருந்தான். ஸ்டேஷன் நழுவியது. திருகுவதற்கு ஒரு கை, ஏரியலைத் தூக்கிப் பிடிக்க ஒரு கை. கயிற்றைக் கஸ்பார் வத்தையின் முளையில் இரண்டு சுற்று சுற்றி வைத்தான். முளைக்கு இழுப்பு தெரியாது. 'தூத்துக்குடி கஸ்பார்' என்று பெயர் வந்தது. அதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டு, பிறகு திரும்பிப் பார்த்தபோது கயிறு முளையை வெட்டிவிடுவதுபோல விறைத்திருந்தது. வத்தையில் வேறு ஆள் இல்லை. பிணத்தோடு கரைக்கு வந்தவனிடம் என்னப்பா ஆச்சு என்று கேட்டார்கள். லெயோன் கயிற்றை இழுக்கவே இல்லை, இன்னும் ரெண்டு சங்கு, இன்னும் ரெண்டு சங்கு என்று கீழேயே கிடந்துவிட்டான் என்று கஸ்பார் சொன்னான். செத்தவன் மறுத்துப் பேசவில்லை. ஊர் அதை நம்பிக்கொண்டது. செத்தவன் பேராசைக்காரன் என்று சொன்னால் உயிரோடிருப்பவர்களுக்கு ஒரு நிம்மதி.

மூழ்க முடியாத சங்குகுளிக்காரனால் வீட்டுக்கு என்ன பிரயோசனம் என்று கஸ்பாரின் மனைவி பிலோமினா கேட்டாள். அந்தக் கேள்விக்குப் புதுத் துறைமுக வேலைதான் பதில் கொடுத்தது. கடலுக்குள் கல் கொட்டிக்கொண்டிருந்த ஒரு கான்டிராக்டரிடம் ஜெயசிங் என்று ஓவர்சியர் இருந்தார். நாசரேத்துக்காரர், வேதாகமமும் ஸ்லைடு ரூலும் எப்போதும் கையில் இருக்கும். இரும்பு மிதவைகளைத் திருடர்கள் அறுத்துக்கொண்டு போவதால் அவர் நொந்துபோயிருந்தார். கஸ்பாரை ஒரு நாள் மிதக்கவிட்டுப் பார்த்து, இடுப்பில் நங்கூரக் கயிறும் கையில் சிவப்புக் கொடியும் கொடுத்து வேலைக்குச் சேர்த்துக்கொண்டார். இவன் திருட்டுப் போக மாட்டான் என்பது அவர் கண்ட அனுகூலம். கல் ஏற்றிய பார்ஜுகள் கஸ்பாரைப் பார்த்துத் திரும்பின. மத்தியானம் படகில் போய்ச் சோறு ஊட்டிவிட்டு வந்தார்கள். சாயந்திரம் அவிழ்த்து இழுத்து வருவார்கள். உப்பில் ஊறி அவன் கால்தோல் கருவாட்டுத் தோலாயிற்று.

பிறகு ஊர் அவனைப் புனிதனாக்கியது. அதற்கு அதிக நாள் பிடிக்கவில்லை. எழுபத்திரண்டாம் வருஷம் கடலை ஆசீர்வதிக்கும் மந்திரிப்பு அன்று, பங்குச் சாமியார் கஸ்பாருக்கு வெள்ளை வேட்டி கட்டி, கையில் மெழுகுவர்த்தி கொடுத்து மிதக்கவிட்டார். கூட்டம் முழங்காலில் விழுந்தது. சாத்தான்குளத்திலிருந்தும் விருதுநகரிலிருந்தும் ஆட்கள் பஸ் பிடித்து வந்து அவன் வேட்டியைப் பிழிந்த தண்ணீரைப் பாட்டிலில் கொண்டுபோனார்கள். சாமியாருக்கு வருஷா வருஷம் தபசு காலத்தில் ஒரு பிரசங்கம் தயாராகக் கிடைத்தது. ஆண்டவரை நோக்கிக் கடல்மேல் நடந்த அப்போஸ்தலர் இராயப்பரே விசுவாசம் குறைந்து அமிழ்ந்தார், நம் கஸ்பாரைப் பாருங்கள், மிதக்கிறான். லெயோனையும் பாருங்கள், பேராசை அவனைக் கீழேயே பிடித்து வைத்துக்கொண்டது. ஒரே பிரசங்கத்தில் மச்சான் மேலே, மாப்பிள்ளை கீழே. கஸ்பார் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்பான். பெண்கள் பக்கம் தூணுக்குப் பின்னால் ரோஸ் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொள்வாள்.

ரோஸ் அதை முழுசாக நம்பினாள். அண்ணன் சொன்னதை நம்பாமல் வேறு யார் சொன்னதை நம்புவாள். நவம்பரில் கல்லறைத் திருநாள் அன்று எல்லாரும் மெழுகுவர்த்தி கொண்டுபோவார்கள். இவள் வெறுங்கையோடு போய்ப் புருஷனை ஏசிவிட்டு வருவாள். "ரெண்டு சங்கு பெருசாப் போச்சு, நானும் பிள்ளையும் சிறுசாப் போயிட்டோம், அப்படித்தான?" என்று கல்லைப் பார்த்துக் கேட்பாள். அவள் மகள் மரியசெல்விக்குப் பள்ளிக்கூடத்தில் பேராசையான் மகள் என்றே பெயர். அவள் எழுதுகோலை இரவல் கேட்டால்கூட, ஒன்று போதுமா என்பார்கள். கஸ்பார் தினமும் மீன் கொண்டுவந்து கொடுத்தான். ஏழு வருஷத்தில் ஒரு நாள் தவறவில்லை. "எங்க அண்ணன மாதிரி உண்டுமா" என்று ரோஸ் தெருவெல்லாம் சொன்னாள். அதைக் கேட்ட நாட்களில் அவன் இரண்டு விரற்கடை கூடுதலாக மிதந்தான் என்று பார்ஜுக்காரர்கள் சொல்கிறார்கள்.

அவன் பாவசங்கீர்த்தனம் செய்யாமல் இருந்தான் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். மாதம் ஒரு தடவை கோயில் கூண்டில் சாமியார் முன்னால் முழங்கால் போட்டுப் பாவங்களைச் சொன்னான். கெட்ட வார்த்தை பேசினேன், வெள்ளிக்கிழமை கறி தின்றேன், பூசையில் தூங்கினேன். பட்டியல் ஒல்லியாக இருப்பதாகத் தோன்றினால் செய்யாத பாவம் இரண்டைச் சேர்த்துக்கொள்வான். சாமியார் மூன்று மந்திரம் சொல்லச் சொல்லி அனுப்பிவிடுவார். வெளியே வந்ததும் நேராகக் கடலுக்குப் போய்க் காலை விட்டுப் பார்ப்பான். கடல் அவனைத் தூக்கிக் கொடுத்துவிடும். கடலுக்கு இலத்தீனும் தெரியாது, தமிழும் தெரியாது. எதைச் சொல்லவில்லை என்பது மட்டும் தெரிந்திருந்தது.

எழுபத்தேழு ஆகஸ்டில், கோயில் திருவிழா முடிந்த மறுவாரம், மணப்பாட்டிலிருந்து மரியசெல்வியைப் பெண் பார்க்க வந்தார்கள். பையன் லாஞ்சில் டிரைவர். பையனுக்குப் பிடித்துவிட்டது. பையனின் அம்மாதான் காப்பி டம்ளரைத் தொடவில்லை. பேராசைக்காரன் மகள் என்று பஸ் ஸ்டாண்டிலேயே யாரோ சொல்லி அனுப்பியிருந்தார்கள். எழுந்து போகவும் அவளுக்கு மனசில்லை. மிதக்கிறவர் வந்து, பிள்ளையின் அப்பன் அப்படிப்பட்டவன் இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் சம்மதம் என்றாள். கஸ்பாரைக் கூட்டிவந்தார்கள். அன்றைய மீன் ஓலைப்பெட்டியோடு வந்தான். வீட்டில் இருந்த ஒரே நாற்காலியைக் கொடுத்தார்கள்.

"லெயோன் பேராசைக்காரன் இல்ல" என்றான் கஸ்பார். ஒரு வார்த்தை சொல்லியாகிவிட்டது. எழுந்திருக்கலாம் என்று பார்த்தான்.

மணப்பாட்டுக்காரி விடவில்லை. "பின்ன எதுக்கு அண்ணாச்சி கீழேயே கெடந்தாரு?"

சாதாரணக் கேள்வி. ஏழு வருஷத்தில் ஊரில் ஒருவரும், கூண்டுக்குள் இருந்த சாமியாரும்கூட, கேட்காத கேள்வி. கஸ்பார் பெட்டிக்குள் இருந்த மீனையே பார்த்துக்கொண்டிருந்தான். கதவுக்குப் பின்னால் மரியசெல்வியின் வளையல் சத்தம் கேட்டது.

"அவன் கயித்த இழுத்தான். நாந்தான் கயித்துல இல்ல."

"நீ எங்கன இருந்த?" என்றாள் ரோஸ்.

"வத்தையிலதான் இருந்தேன். ரேடியோவுல எம் பேரு சொன்னாவ. கயித்த முளையில சுத்திப் போட்டுட்டேன்."

ரோஸ் அழவில்லை. "என்ன பாட்டு?" என்று கேட்டாள்.

"பாட்டு கேக்கல. பேரு மட்டுந்தான் கேட்டேன்."

அவள் ஓலைப்பெட்டியை எடுத்து, மீனை மொத்தமாக அவன் மடியில் கவிழ்த்தாள். "ஏழு வருசமா இதத்தான ஆக்கித் தின்னேன்" என்றாள். பிறகு வந்தவர்களைப் பார்த்து, "காப்பி ஆறுது, குடிங்க" என்று சொல்லிவிட்டு, செருப்பு போடாமல் கல்லறைத் தோட்டத்துக்குப் போனாள். விளக்கு வைத்த பிறகுதான் திரும்பினாள். அங்கே என்ன பேசினாள் என்று யாருக்கும் தெரியாது. மணப்பாட்டுக்காரி காப்பியைக் குடித்தாள். அப்பன் பேராசைக்காரன் இல்லை என்றாகிவிட்டது, தாய்மாமன் பாவம் பிள்ளையில் ஒட்டாது என்று முடிவு சொன்னாள். தை மாதம் கல்யாணம் நடந்தது.

கஸ்பார் மீன்செதில் ஒட்டிய வேட்டியோடு நேராகக் கூண்டுக்குப் போய் அதையே திரும்பச் சொன்னான். "ஏழு வருஷமா என்கிட்ட ஏன் சொல்லல?" என்றார் சாமியார். "நீங்கதான் சாமி ஒவ்வொரு வருசமும் பிரசங்கத்துல எனக்குப் பதிலா சொல்லிட்டியள" என்றான். அதற்குப் பிறகு கூண்டுக்குள் யார் யாருக்குப் பாவமன்னிப்பு கொடுப்பது என்பதில் சிறிது குழப்பம் இருந்திருக்க வேண்டும். பாவம் மன்னிக்கப்பட்டதாகச் சொல்லிவிட்டு, ஊரார் முன்னால் சொல்ல உனக்குச் சம்மதமா என்று கேட்டார். சம்மதம் என்றான். அடுத்த ஞாயிறு கஸ்பார் பீடத்துக்கு முன்னால் நின்று, பெண்பார்க்க வந்தவர்களிடம் சொன்னதையே ஊருக்கும் சொன்னான். சாமியார் அதற்கு மேல் நாலு வாக்கியம்தான் பேசினார். லெயோனைப் பற்றி நான் சொன்னது பொய். தீர விசாரிக்காமல் சொன்னேன், ரோஸிடம் மன்னிப்புக் கேட்கிறேன். இராயப்பர் அமிழ்ந்தார் என்பது உண்மை. ஆண்டவர் கை நீட்டிப் பிடித்தது அமிழ்ந்து கூப்பிட்டவனைத்தான், படகில் பத்திரமாக இருந்த பதினொரு பேரை அல்ல. பங்கின் வரலாற்றில் அதுவே ஆகச் சிறிய பிரசங்கம் என்பதால் எல்லாருக்கும் பிடித்திருந்தது.

மறுநாள் காலை கஸ்பார் கொடியோடு வேலைக்கு இறங்கினான். இறங்கிக்கொண்டே போனான். கழுத்து போனது, மூக்கு போனது, தலை போனது, கொடி மட்டும் கொஞ்ச நேரம் தெரிந்தது. படகுக்காரர்கள் பதறி இழுத்துப் போட்டபோது அரைப்படி தண்ணீர் குடித்திருந்தான். கக்கிக்கொண்டே சிரித்தான். ஜெயசிங் கான்டிராக்டருக்கு, ஒரு மிதவை பழுதாகிவிட்டது, இரும்பில் புதிது அனுப்பவும் என்று எழுதினார். பாட்டிலில் தண்ணீர் கொண்டுபோனவர்கள் ஏமாற்றிவிட்டான் என்று திட்டிக் கடிதம் போட்டார்கள். மூழ்காத வரைக்கும் அவன் ஏமாற்றுவதாக ஒருவருக்கும் தோன்றியிருக்கவில்லை.

அந்த மாதத்திலிருந்து ஊரில் வேறொரு பழக்கம் வந்தது. சங்கு வியாபாரிகள், ஊர் கமிட்டிக்காரர்கள், உப்பளக்காரர்கள் என்று பெரிய மனிதர்கள் யாரும் முழங்காலுக்கு மேல் கடலில் இறங்குவதில்லை. கேட்டால் சளி என்பார்கள். சாமியார் மட்டும் ஒரு மத்தியானம் எல்லாரும் பார்க்க, அங்கியோடு இறங்கிப் பார்த்தார். தலைக்கு மேல் போனது. திருப்தியாகத் திரும்பி வந்து மூன்று நாள் காய்ச்சலில் கிடந்தார்.

நவம்பரில் சங்குக்குளிப்பு தொடங்கியது. கஸ்பாருக்குக் கல் இருந்தது, கயிறு இருந்தது, கயிறு பிடிக்க ஆள் இல்லை. பிலோமினாவின் தம்பி கொழும்பில் கடை வைத்திருந்தான். கரையில் வேறு யாரும் அவனோடு வத்தையில் ஏறச் சம்மதிக்கவில்லை. அவன் உயிருக்குப் பயந்து இல்லை, முறை மாறிக் குளிக்கும்போது தங்கள் கயிறு அவன் கையில் இருக்கும் என்பதால். ஒரு வாரம் வத்தையைத் துடைத்துக்கொண்டு கரையிலேயே இருந்தான். எட்டாம் நாள் ரோஸ் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்து வத்தையில் ஏறி உட்கார்ந்தாள். "நான் பிடிக்கேன்" என்றாள். பொம்பளை சங்கு வத்தையில் ஏறுவது இந்தக் கரையில் கிடையாது. ஏறக் கூடாது என்று சொல்ல அன்று யாருக்கும் வாய் வரவில்லை.

பிலோமினா ஓடிவந்து புருஷனைத் தனியே இழுத்தாள். "மைனி ஒம்ம மேல கொண்டுவர மாட்டா. உமக்குக் கிறுக்கா?"

"அது அவ இஷ்டம்" என்றான் கஸ்பார். "ஏழு வருசமா நீதான கேட்ட, மூழ்காதவனால என்ன பிரயோசனம்னு." போய் வத்தையைத் தள்ளினான்.

எட்டுப் பாகத்தில் இறங்கினான். நாலைந்து சங்கு பொறுக்கினான். மூச்சு முடிந்ததும் கயிற்றை இழுத்தான். மேலே ரோஸ் இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்திருந்தாள். இழுப்பு அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. பக்கத்து வத்தைக்காரர்கள் சாட்சி. அவள் கடலைப் பார்த்துக்கொண்டு அருள் நிறைந்த மரியே மந்திரத்தைத் தொடக்கத்திலிருந்து ஆமென்வரை, ஒரு வார்த்தையும் முழுங்காமல், நிதானமாகச் சொல்லி முடித்தாள். அதன் பிறகு வாரித் தூக்கினாள். கஸ்பார் நாவல்பழ நிறத்தில் மேலே வந்தான். வத்தையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினான்.

"கொஞ்சம் தாமசம்" என்றான்.

"ஆமா" என்றாள் ரோஸ்.

மறுபடியும் கல்லை மாட்டிக்கொண்டு இறங்கினான். அந்த சீசன் முழுக்க அப்படித்தான் நடந்தது, அடுத்த சீசனும். இப்போது அதை யாரும் வேடிக்கை பார்ப்பதில்லை. சில நாள் அவள் மந்திரத்தைப் பாதியில் நிறுத்தித் தூக்கிவிடுகிறாள், சில நாள் முழுசாகச் சொல்கிறாள். எந்த நாள் எப்படி என்று முன்கூட்டித் தெரியாது. அவள் ஜெபத்துக்கு நேரம் விட்டு அவன் கொஞ்சம் முந்தியே கயிற்றை இழுத்துக்கொள்ளலாம். தொழில் தெரிந்த யாரும் அதைத்தான் செய்வார்கள், செய்யச் சொல்லிப் புத்தியும் சொன்னார்கள். கஸ்பார் கேட்பதில்லை. மூச்சு சுத்தமாக முடிகிற இடத்தில்தான் இழுக்கிறான். இழுத்துவிட்டு, மணலில் கைகளை அகல விரித்து, படுக்கையில் கிடக்கிறவனைப்போல மல்லாந்து கிடக்கிறான். பிறகு கயிறு நகர்கிறது.