மனை நடுவே ஒரு சூளை

என் தங்கை புருஷன் சாதாரணமாக நெஞ்சை நிமிர்த்தித்தான் நடப்பார். அன்று தம் காலி மனையின் ஓரத்தில் நனைந்த கோழி மாதிரி நின்றார். மண்ணுக்கடியில் பழங்காலத்துச் சின்னம் ஏதும் இருக்கிறதா என்று தொல்லியல் துறை காந்தக் கருவியால் அளந்து பார்த்த பிறகுதான் வீடு கட்ட அனுமதியாம்.

கருவியைத் தூக்கி நடக்க வந்த ஆய்வாளருக்கு உடம்பில் குண்டூசி அளவு இரும்புகூட ஆகாது. பெல்ட், சாவி, கைக்கடிகாரம் எல்லாவற்றையும் என் மடியில் கொட்டிவிட்டு, கால்சட்டையைக் கயிற்றால் இறுக்கிக்கொண்டு தயாரானார். இங்கே இரும்பு ஏதும் புதைத்திருக்கிறீர்களா என்று மட்டும் கேட்டார். தங்கை பக்கத்திலேயே நின்றாள்.

"ஒரு ஆணிகூட கிடையாது சார்," என்றார் மாப்பிள்ளை.

சிரிப்பை அடக்கியதில் எனக்கு விலா எலும்பு நாலைந்து விட்டுப்போயிருக்கும். தங்கையின் தையல் மெஷின் திருடு போன கதையை ஊரே நம்பியது. ஜன்னல் திரையில் மிஞ்சிய துணியில் அவள் தைத்த சட்டைகளைப் போட்டுக்கொண்டு ஆபீஸ் போய்ப் போய் நொந்தவர்தான் அந்தத் திருடன். எங்கே புதைத்தார் என்பதை என்னிடம் மட்டும் உளறியிருந்தார்.

கணினிப் படத்தில் மனை நடுவே கருப்பும் வெள்ளையுமாக ஒரு பூதம் உட்கார்ந்திருந்தது. இரும்பு இப்படிக் காட்டும், நெருப்பில் வெந்த மண்ணும் காட்டும் என்றார் ஆய்வாளர். இரும்புதான் இல்லையே. ஆக, சூளை. மறுநாள் அது சூளை வீதியானது. வாரக் கடைசியில் முழு நகரமாகி, துறைத் தலைவர் நீலத் தார்ப்பாயில் கூடாரம் அடித்து அதன் வீழ்ச்சியைப் பற்றி உரையாற்றினார். தோண்டவே வேண்டாம், எனக்கு வீடே வேண்டாம் என்று மாப்பிள்ளை கெஞ்சியது யார் காதிலும் ஏறவில்லை.

தூரிகையால் மண்ணைத் தள்ளத் தள்ள, முதலில் ஒரு சக்கரம் தெரிந்தது. தலைவருக்குக் குரல் தழுதழுத்தது. அடுத்து மிதிகட்டை தெரிந்தது. குரல் நின்றுபோனது.

தங்கை குழியை எட்டிப் பார்த்தாள். அழுவாள், கத்துவாள் என்று நல்ல இடமாகப் பிடித்து நின்ற என் பாடு வீண்.

"துருதான். எண்ணெய் போட்டா ஓடும்," என்றாள். "ஏங்க, திருடன் பத்திரமா வச்சிருக்கான்ல?"

"ஆமாம்மா," என்றார் மாப்பிள்ளை. குரல் அந்தக் குழிக்குள்ளிருந்து வந்தது.

துறையினர் கூடாரத்தைக்கூட மடிக்காமல் ஓடினார்கள். வீடும் எழும்பிவிட்டது. நீலத் தார்ப்பாய்ச் சட்டையில் மாப்பிள்ளை வருவது தெருமுனையிலேயே கேட்கும். அதைப் பார்த்துச் சிரிப்பதற்கென்றே போயிருந்தேன்.

"அண்ணா, கொஞ்சம் தோளைக் காட்டு," என்று அளவு நாடாவோடு வந்தாள் தங்கை. "உனக்கும்தானே தெரியும்?"

இதை எழுதும்போது அக்குளில் கரகரவென்று உராய்கிறது.